ஓசூருக்கு ஏறாத கண்டக்டர்

தர்மபுரி மாவட்டத்திலேயே, சண்டைக்கு நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பென்னாகரம் தெருக் கண்டக்டர்தான். ரிட்டயராகி எத்தனையோ வருடமாயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதாக அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். யார் எந்த ஊரில் இறங்குகிறவரோ அந்த ஊர்தான் பேர். நல்லம்பள்ளியில் வாத்தியார் வேலை பார்க்கும் நான் நல்லம்பள்ளி. பால்காரர் இண்டூர்.

"ஏ இண்டூரு! நேத்து ஏன் வரல? மாட்டுக்கு லீவா?"

வினையே இதில்தான் வந்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் செந்தில் லீவில் வந்து பார்த்தான். வீட்டில் தனியாக இருக்கும் அப்பா பகலில் கண்ட இடத்தில் தூங்குகிறார். யார் பேரும் வாயில் வரவில்லை. "அப்பாவுக்கு மறதி நோயி வந்துட்டதுங்க சார். வூட்டப் பூட்டிட்டு ஓசூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று என்னிடம் கண் கலங்கினான்.

கண்டக்டர் அரண்டு போனார். "அங்க பிளாட்டுல கதவ மூடிட்டா பேச்சுத் தொணைக்கு ஒரு நாயி கூட இல்லப்பா நல்லம்பள்ளி! நீ ஒரு வார்த்த சொல்லு அவங்கிட்ட!"

டாக்டர் சொல்லட்டும் என்றேன். மூவரும் தர்மபுரிக்குப் போனோம்.

டாக்டரம்மா மூன்று பொருள்களின் பேரைச் சொல்லி, "கொஞ்ச நேரம் கழிச்சிக் கேப்பேன், ஞாபகம் வெச்சிக்கங்க" என்றார். கண்டக்டர் தலையாட்டினார். டாக்டரம்மா செந்திலிடம் விவரம் கேட்கத் திரும்பியதுதான் தாமதம், மனிதர் தூங்கியே போனார்.

அவரை எழுப்பி, மகனைக் காட்டி, "இவரு யாருங்கய்யா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஓசூரு."

"பாத்தீங்களா மேடம்! பெத்த புள்ள பேரே தெரியல!" செந்தில் அழுதேவிட்டான்.

"அட கிறுக்கா! செந்தில்குமார்னு பேரு வெச்சதே நான்தான்டா. அதுக்கு உங்காத்தாகிட்ட எத்தன சண்ட போட்டன் தெரியுமா? எறங்கற ஊரச் சொல்லிக் கூப்புட்டே பழகிட்டன், இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "மாங்கா, பூட்டு, செருப்பு. இதானுங்களே சொன்னீங்க? ஆமா, நீங்க எந்த ஊருங்க?"

"மூணும் சரி. நான் அரூர்" என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

பிறகு தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். ராத்திரி படுத்தால் விடிந்துதான் எழுவார் என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் சாட்சி சொன்னேன். பகல் தூக்கம்? "அது டிரிப்புக்கு நடுவுல போடறதுங்க. கண்ண மூடுவன், விசிலு சத்தம் கேட்டா முழிச்சிக்குவன்."

"ராத்திரி நல்லாத் தூங்கறாரு. எதையும் மனசுல போட்டுப் புழுங்கல. எல்லார்கிட்டயும் பேசிச் சிரிக்கறாரு. இந்த வயசுல மூளைக்கு இதெல்லாம் ரொம்ப நல்லது. இவர ஏன் ஊர விட்டுக் கொண்டு போயி பூட்டி வெக்கணும்?" என்ற டாக்டரம்மா, செந்திலின் சிவந்த கண்களைப் பார்த்தார். "நீங்க ராத்திரி தூங்கறீங்களா?"

"எங்கங்க மேடம்... ஷிப்ட்டு, போனு, அப்பா கவல..."

"அப்ப பாக்க வேண்டியது உங்களத்தான்!"

கண்டக்டர் எழுந்து நின்றதைப் பார்த்திருக்க வேண்டுமே! தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டு வரை எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "நம்ம மூள பாசாயிடுச்சிங்க!" என்று அறிவித்துக்கொண்டே வந்தார்.

செந்தில் மட்டும் ஓசூர் பஸ் ஏறினான். கண்டக்டரும் அன்றைக்கு அதில் ஏறிப் போயிருந்தால், எங்கள் தெருவில் என்னை நல்லம்பள்ளி என்று கூப்பிட ஆளே இருந்திருக்காது.