கொசு சம்பந்தமாக மூன்றாம் கடிதம்

"பாட்டில் பக்கத்துலயே நிக்கிறேன். பாட்டிலை விட்டுட்டு என்னைத்தான் கடிக்குது" என்றாள் மனைவி பிரிஜெட்.

ஜெயராஜ் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, 'வியாழன், மாலை 6.10, இடது முழங்கை' என்று குறித்துக்கொண்டார்.

"கடிச்சது என்னை. நீங்க இன்னா கணக்கு எழுதறீங்க?"

"பதிவு இல்லாம எதையும் பிடிக்க முடியாது பிரிஜெட்."

பாட்டிலைப் பாதியில் வெட்டி, மேல்பாதியைப் புனல்போலக் கவிழ்த்து, உள்ளே வெல்லத்தண்ணீரும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டும் கலந்து வைத்திருந்தார். புளிப்பு வாடைக்குக் கொசு தேடி வந்து உள்ளே விழ வேண்டும். தேடி வந்தது உண்மை. விழத்தான் இல்லை.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டு முற்றத்தில் அன்பியக் கூட்டம். ஜீவனஹள்ளியின் அந்தச் சந்துக்காரர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். போன முறை அவர் வீட்டில் நடந்தபோது, 'அருள் நிறைந்த மரியே' என்பதற்குள் நாலு பேர் கன்னத்தில் அடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு லாயிட் வெளியே போகும்போது, "அடுத்த வாட்டி உங்க முறையையும் எங்க ஹால்லயே வெச்சுக்கலாம் அங்கிள். ஏசி இருக்கு" என்றான். கொசுக்கடி அன்றே ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

ஒரு வீட்டில் மட்டும் பிடித்தால் போதாது என்று, முப்பது வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்த கையால் போன வாரமே ஒரு கடிதம் எழுதியிருந்தார். 'பொருள்: கொசு ஒழிப்பு சம்பந்தமாக.' எதை எவ்வளவு கலப்பது, எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது என்று ஐந்து குறிப்புகள். ஜெராக்ஸ் எடுத்து, தன் வீட்டைச் சுற்றி ஒட்டியிருந்த ஆறு வீடுகளுக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கொசு இரண்டு பங்கானது.

"வெல்லம் பத்தலை" என்று முடிவு செய்து இரண்டாம் கடிதம் எழுதினார்: வெல்லத்தை இரட்டிப்பாக்கவும். மறுநாள் முற்றத்தில் எறும்பும் சேர்ந்துகொண்டது.

பூண்டை அரைத்துக் கரைத்துச் செடிகளுக்கெல்லாம் தெளித்தார். கொசு அசையவில்லை. பால்காரர்தான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பாக்கெட்டை வீசிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வேப்பிலையும் தேங்காய் நாரும் போட்டுப் புகை மூட்டினார். காற்று திரும்பி, புகை முழுக்க வீட்டுக்குள் போனது. கூட்டத்துக்கென்று பிரிஜெட் இஸ்திரி போட்டு வைத்த புடவை அடுப்பங்கரைத் துணியாகிவிட்டது.

"கொசு வெளியே, நாம உள்ளே. ரெண்டு பேருல யாரைத் துரத்தறீங்க?" என்று அவள் இருமிக்கொண்டே கேட்டாள்.

புகையைப் பார்த்து லாயிட்டும் அவன் மனைவி மௌரீனும் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மௌரீன் ஆச்சரியப்பட்டாள்.

"இன்னா அங்கிள், உங்க வீட்ல இன்னும் கொசுவா? எங்க வீட்ல ஒண்ணுகூட இல்லையே! உங்க லெட்டரை ஃப்ரிட்ஜ்மேல ஒட்டி வெச்சிருக்கேன்."

"சக்கத் ஐடியா அங்கிள், சூப்பரா வேலை செய்யுது" என்றான் லாயிட்.

ஜெயராஜுக்குத் தலை சுற்றியது. அதே வெல்லம், அதே கடை ஈஸ்ட், அதே அளவு. தன் கையெழுத்துக்கு ஊரெல்லாம் கட்டுப்படுகிற கொசு, எழுதியவன் வீட்டில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? இரவு சீட்டை மூன்று முறை கூட்டிப் பார்த்தார். விடை வரவில்லை.

சனிக்கிழமை காலை மூன்றாம் கடிதம் போனது. 'இன்று மாலை ஐந்தரை மணிக்குள் அனைவரும் கலவையைத் தவறாமல் புதிதாக மாற்றவும். ஒத்துழைப்புக்கு நன்றி.'

ஆறு மணிக்குக் கூட்டம் கூடியது. மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் உருட்டி முடிவதற்குள் முற்றம் ரீங்காரமிட்டது. இரண்டாவதில் ஜெபத்தைவிட அடிச்சத்தம் அதிகமாகக் கேட்டது. மூன்றாவதை ஆரம்பிக்க ஆளில்லை.

லாயிட் மெதுவாக எழுந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். மிச்சத்தை எங்க ஹால்ல சொல்லிக்கலாமா?"

மௌரீன் சுரூபத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கூட்டம் சொறிந்தபடியே பின்னால் போனது. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஜெயராஜ் நின்றார். பிரிஜெட் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்ததை ஒரு தட்டுத் தட்டினாள்.

அப்போது பின்பக்க மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பின்வீட்டு ஆஞ்சலா, ஸ்டூல் போட்டு ஏறியிருந்தாள்.

"சாரி அங்கிள், கூட்டத்துக்கு வர முடியலை. இப்பதான் வேலையிலருந்து வந்தேன். அஞ்சரைக்குள்ள மாத்தணும்னு எழுதியிருந்தீங்க, லேட்டாயிடுச்சு."

மதிலின் அந்தப் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கலவை நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

"இதை ஏம்மா இங்க கொண்டாந்து மாட்டினே?" என்று கேட்டார் ஜெயராஜ்.

"உங்க மூணாவது குறிப்புதான் அங்கிள். 'நாம் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி, காம்பவுண்டின் கடைசியில் வைக்கவும்'னு போட்டிருந்தீங்களே. எங்க ஆறு வீட்டுக்குமே கடைசி உங்க சுவருதானே?"