ஃபெல்கேட் ரசிகர் சங்கம் துப்புத் துலக்கிய ஒரே வழக்கு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்திருக்கும் நீதி வழங்கும் ஏற்பாடுகளில் தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால் நான் தயங்கவே மாட்டேன். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நெதர் டாப்லி கிராம மன்றத்தில் நாங்கள் போட்டுப் பார்க்கும் 'இன்ஸ்பெக்டர் ஃபெல்கேட்' தொலைக்காட்சித் தொடர்தான் அது. நீதிமன்றங்களுக்கு வருடக்கணக்கில் வாய்தா வேண்டும். ஃபெல்கேட்டுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் போதும். அதிலும் அவர் பாதி நேரம் தோட்டத்து ரோஜாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்.

தொடர் நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மொத்தம் எழுபத்திரண்டு கதைகள். ஒவ்வொன்றையும் குறைந்தது பதினொரு முறை பார்த்திருக்கிறோம். கொலைகாரன் யார், எந்தத் தேநீர்க் கோப்பையில் விஷம், பாதிரியார் ஏன் பொய் சொல்கிறார் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். இருந்தும் கடைசிக் காட்சியில் முப்பத்தொரு உறுப்பினர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். ஃபெல்கேட் எல்லோரையும் ஒரே அறைக்கு வரவழைப்பார். கணப்புக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமுவார். பிறகு ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, "நீங்கள்தான்" என்பார். அந்த இடத்தில், மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற பெரில் ஸ்டோக்ஸ் தவறாமல் அழுவார்.

அழமாட்டாரா பின்னே? எங்கள் ஊரில் யாரும் யாரையும் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. இங்கே ஒருவர் உங்கள் காலை மிதித்தால் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். பெரிலின் குப்பைத் தொட்டியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பது வருடமாகத் தம் வீட்டுக் குப்பையைப் போட்டுவருகிறார். பெரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய தொட்டியாக வாங்கிக்கொண்டார். இதற்குப் பெயர்தான் நாகரிகம்.

என் பெயர் நார்மன் டிக்பி. மாவட்ட அலுவலகத்தின் சாக்கடைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இப்போது 'ஃபெல்கேட் ரசிகர் சங்க'த்தின் செயலாளராக இருக்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான், இங்கே பிஸ்கட் கிடைக்கும். தலைவர் கிளைவ் ஹாட்டன். மன்றத்தின் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி அவர் கொடுத்தது. ஒழுகிக்கொண்டிருந்த கூரையும் அவர் தயவால் சரியானது. கூட்டத்துக்குத் தம் கிழட்டு நாய் டிரம்பிட்டையும் கூட்டிவருவார். அது மேசைக்கு அடியில் படுத்து, பெரும்பாலான உறுப்பினர்களைப்போலவே, இரண்டரை மணிக்குத் தூங்கிவிடும்.

எங்கள் சங்கத்தின் மாணிக்கம் மேவிஸ் ஓக்டன். தொடரின் பல கதைகள் எங்கள் ஊரில்தான் எடுக்கப்பட்டன. ஃபெல்கேட் காலத்தில் இங்கே ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள், அது எங்கள் பொற்காலம். அந்த ஒன்பதில் ஒரு பிணம் மேவிஸ். தம் வீட்டு அடுக்களையில், சில்லிட்ட கல்தரையில், மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தார். ஒரே ஒரு தும்மல், அதையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். இன்றும் வெளியூரிலிருந்து ரசிகர்கள் கேக்கோடு வந்து கதவைத் தட்டுவார்கள். "ஒரே ஒரு தடவை படுத்துக் காட்டுங்க" என்பார்கள். எழுபத்தாறு வயதில், முட்டிவலியோடு, மேவிஸ் படுத்துக் காட்டுவார்.

சென்ற பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, படம் போடுவதற்கு முன்பு, மேவிஸ் எழுந்து நின்றார். கையில் ஒரு கடிதம்.

"ரெண்டு மாசத்துல வீட்டைக் காலி பண்ணணுமாம். காரணம் எதுவும் போடல. வீடு கைமாறினதே எனக்குத் தெரியாது. வாடகையெல்லாம் எப்பவும் ஏஜென்சி மூலமாத்தான். கீழ ஒரு கம்பெனி பேருதான் இருக்கு, பொடி எழுத்து, என் கண்ணுக்குப் புடிபடல. கம்பெனிக்குப் பின்னால ஒரு மனுஷன் இருப்பாருல்ல? அவரு யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. நேர்ல போய்ப் பேசிப் பார்க்கிறேன். இருபத்தேழு வருஷமா இருக்கிற வீடு. நான் எங்க போவேன்?"

எங்களுக்குள், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஒரு மகிழ்ச்சி பரவியது. பதினான்கு வருடச் சங்க வரலாற்றில் முதன்முறையாக எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு 'வழக்கு'!

"பெரிய அநியாயம் மேவிஸ்," என்றார் தலைவர் கிளைவ், தழுதழுத்த குரலில். "சங்கம் உங்க பின்னால நிக்குது."

நின்றோம். நல்ல தூரம் விட்டுத்தான்.

அடுத்த வியாழன் கடிதம் ஆராயப்பட்டது. அன்று தேநீர் போடும் முறை மேவிஸுடையது. அவர் பின்கட்டுச் சமையலறைக்குப் போனதும் பெரில் கையுறை மாட்டிக்கொண்டு கடிதத்தை முகர்ந்து பார்த்தார்.

"பாதாம் வாசனை வரல. சயனைடு இல்லைன்னு உறுதியாச் சொல்லலாம்."

"யாரும் சாகவே இல்லையே பெரில்," என்றேன்.

"இன்னும் சாகல, அவ்வளவுதானே?"

குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் கடிதத்தைக் கணீரென்று வாசித்தேன். "அனுப்புநர்: டிரம்பிட் சொத்து நிர்வாகம்."

மேசைக்கு அடியிலிருந்து நாய் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்து, முன்னங்காலை என் மடிமேல் வைத்தது.

காதில் சரியாக விழாதவர்களுக்காக இரண்டாம் முறை வாசித்தேன். "டிரம்பிட் சொத்து நிர்வாகம்."

நாய் ஒரே ஒரு முறை குரைத்தது. வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இருபத்தொன்பது பேரும் நாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு எல்லோரும் கிளைவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தோம். நல்ல கூரை. ஒரு சொட்டு ஒழுகுவதில்லை.

"பாவம், அதுக்குப் பசி போல," என்று கிளைவ் நாய்க்கு ஒரு பிஸ்கட் போட்டார். அவர் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"வெயில் வந்துடும்போல இருக்கே," என்றார் பெரில்.

"சாயங்காலம் மழைன்னாங்க," என்றேன்.

"ஆமாமா. மழைன்னுதான் சொன்னாங்க."

வானிலை பதினொரு நிமிடம் விவாதிக்கப்பட்டது. மேவிஸ் தட்டோடு உள்ளே வந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"விசாரணை ரொம்ப நல்லா முன்னேறுது மேவிஸ்," என்றேன்.

அன்றைய கூட்டக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்: 'கடிதம் ஆராயப்பட்டது. நாய் ஒன்று குரைத்தது. காரணம் தெரியவில்லை.' வாயில்லா ஜீவனுக்குத் தொந்தரவு கூடாது என்பதால் இனிக் கூட்டங்களில் மேற்படி நிறுவனத்தின் பெயரை உரக்க வாசிப்பதில்லை என்று ஒரு தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தது பெரில். வழிமொழிந்தது அடியேன்.

அதன்பின் நாங்கள் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. காகிதத்தின் தடிமனை அளக்க ஒரு துணைக்குழு. தபால் தலையை ஆராய ஒரு துணைக்குழு. கடிதத்தை எழுதியவர் இடக்கைக்காரரா என்று பார்க்க ஒரு துணைக்குழு. அது தட்டச்சில் அடித்த கடிதம் என்பதை மூன்றாம் வாரம்தான் கவனித்தார்கள், ஆனால் குழுவை உடனே கலைத்தால் அவர்கள் மனம் புண்படும் என்று அப்படியே விட்டுவைத்தோம். மேவிஸ் ஒவ்வொரு வியாழனும் கேட்பார். நாங்களும் ஒவ்வொரு வியாழனும் முன்னேறிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில், கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது, மேவிஸ் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நார்மன், ஃபெல்கேட் மாதிரி எல்லாரையும் உக்கார வெச்சுச் சொல்லிடுங்க. தெரியலைன்னா தெரியலைன்னாவது சொல்லுங்க. அந்த ஆளைப் பார்த்து நாலு வார்த்தை பேசணும், அவ்வளவுதான். கால்ல விழக்கூட நான் தயார்."

என் வாழ்நாள் கனவு! மன்றத்தில் கணப்பு இல்லை, வெந்நீர்க் குழாய் ஓடும் ஒரு வெப்பப் பெட்டிதான் உண்டு. அடுத்த வியாழன் அதன் முன்னால் நின்றேன். முப்பது பேரும் எதிரே. மேவிஸ் முதல் வரிசையில், விசேஷங்களுக்குப் போடும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கிளைவ். தொண்டையைச் செருமினேன்.

மூன்றெழுத்துப் பெயர். சொல்ல ஒரு நொடி ஆகாது. கிளைவ் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், கல்யாண விருந்தில் வாழ்த்துரைக்க எழுந்தவனைத் தைரியப்படுத்துகிற மாதிரி. அவர் முகம் எல்லோர் முன்னாலும் வாடிப்போவதை நினைத்துப் பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை. மேவிஸின் முகம் ஏற்கெனவே வாடியிருந்தது. அதற்கு நாங்கள் பழகிவிட்டோம்.

"நண்பர்களே, எல்லா ஆதாரத்தையும் அலசிப் பார்த்தாச்சு," என்றேன். "குற்றவாளி இந்த அறையில இல்ல. குற்றவாளி வேற யாரும் இல்ல, இந்தக் காலம்தான். காலம் கெட்டுப்போச்சு!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர் கிளைவ்.

"பிரமாதம் நார்மன்! ஃபெல்கேட்டே தோத்தாரு போங்க!"

மேவிஸ் மட்டும் தட்டவில்லை.

"காலத்தோட வீட்டு விலாசம் என்ன நார்மன்?" என்று கேட்டார். "பஸ்ஸு அங்க போகுமா?"

மன்றமே சிரித்துப் புரண்டது. மேவிஸுக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அவர் சிரிக்காமல் சொன்னதால் இன்னும் நன்றாக இருந்தது.

வீடு மாறும் நாளில் சங்கமே திரண்டது. எங்கள் ஊரின் பெருந்தன்மையை அன்று பார்த்திருக்கவேண்டும்! ஆறு பேர் கேக் செய்துவந்தார்கள். பெரில் பீங்கான் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி அடுக்கினார், ஒன்றுகூட விரிசல் விடவில்லை. மேவிஸின் சுவர்க் கடிகாரத்தைத் தலைவரே தம் கையால் சுமந்துபோய் வண்டியில் வைத்தார். மேவிஸ் அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார்.

வீடு காலியானதும் எனக்கு ஒரு கடமை பாக்கி இருந்தது. நிறுவனம் சங்கத்துக்கு எழுதியிருந்தது: வீடு இனி 'பிணம் கிடந்த குடில்' என்ற பெயரில் விடுமுறை விருந்தினர்களுக்கு விடப்படும், அடுக்களைத் தரையில் உடலின் உருவரை வரலாற்றுத் துல்லியத்தோடு இருப்பது அவசியம். துல்லியம் என்று வந்துவிட்டால் நான் மறுக்கமாட்டேன்.

"மேவிஸ், கடைசியா ஒரு தடவை..." என்றேன், சுண்ணக்கட்டியைக் காட்டி.

அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் படுத்தார். வலக்கை தலைக்கு மேலே, இடக்கால் மடக்கி, ஒரு விரல்கூடப் பிசகவில்லை. நான் மண்டியிட்டுக் காலடியிலிருந்து வரையத் தொடங்கினேன்.

"நார்மன்," என்றார், கூரையைப் பார்த்தபடி. "நெசமாவே யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் அப்போது தோளை வரைந்துகொண்டிருந்தேன். அது கஷ்டமான இடம்.

"கையை அசைக்காதீங்க மேவிஸ்," என்றேன்.

ஜூனில் குடில் திறப்பு விழா. தலைவர் நாடாவை வெட்டினார், நாய் பக்கத்தில் நின்றது. 'உள்ளூர்ப் பாரம்பரியத்தைக் காக்கும் உரிமையாளர்' என்று மாவட்டச் செய்தித்தாள் அவர் படத்தோடு போட்டது. வருகிற கோடை முழுவதற்கும் இடம் பதிவாகிவிட்டது என்று கேள்வி. ஃபெல்கேட் மீது மக்கள் வைத்திருக்கும் பற்று அப்படிப்பட்டது.

பத்து நாள் கழித்து மேவிஸிடமிருந்து எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. நாற்பது மைல் தள்ளி ஒரு தொழில் நகரத்தில், நான்காம் மாடியில், ஒற்றை அறையில் இருக்கிறாராம். தகவல் தெரிவிக்கும் நோக்கத்துக்காக மட்டும் அதை அப்படியே தருகிறேன்:

'நார்மன், பேப்பர்ல படம் பார்த்தேன். பக்கத்து அறையில ஒரு நர்ஸ் பொண்ணு. டி.வி.யே கிடையாது, ஃபெல்கேட் யாருன்னே தெரியாது. நேத்து அவகிட்ட நம்ம சங்கத்துக் கதையை முதல்லேருந்து சொன்னேன். கடிதம் வாசிச்சது, துணைக்குழு போட்டது, நீங்க வெப்பப் பெட்டி முன்னால நின்னு பேசினது, சுண்ணக்கட்டி. பாதியிலயே அவ சொல்லிட்டா, "அந்தச் செயலாளர்தான் ஆளு"ன்னு. வீட்டுக்காரர் யாருன்னு நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல.'

நாடகம் பார்த்துப் பழகாதவர்களுக்குத் துப்புத் துலக்கத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆதாரங்களைப் பத்திரப்படுத்துவதில் நான் மிகவும் கண்டிப்பானவன். சங்கத்துக்கு வந்த ஒவ்வொரு காகிதமும் வருடவாரியாக என் அலமாரியில் இருக்கிறது. அந்த அட்டையை மட்டும் தோட்டத்துச் சருகுக் குவியலில் போட்டுக் கொளுத்தி, முழுக்கச் சாம்பலாகும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.