கட்டாத வீட்டுக்காரர்

உலகத்தில் வாடகை வீட்டுக்காரர், சொந்த வீட்டுக்காரர் என்று இரண்டே இனம் உண்டு என நினைக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திருநின்றவூர்ப் பக்கம் போனதில்லை. அங்கே ஜல்லிக் குவியலுக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே, வெயிலில், கழுத்தை அண்ணாந்துகொண்டு மூன்றாவது இனம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். கட்டாத வீட்டுக்காரர் என்று பெயர். அபார்ட்மென்ட் புக் செய்தாயிற்று. அபார்ட்மென்ட்தான் இன்னும் வரவில்லை.

அடையாளம் காண்பது சுலபம். கக்கத்தில் வழவழப்பான ஒரு கலர் புத்தகம் இருக்கும். அதில் நீச்சல் குளமும், குளத்தோரம் சாய்ந்துகொண்டு ஜூஸ் குடிக்கும் வெள்ளைக்காரரும், ஜிம்மும், கிளப் ஹவுஸும், திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த ஆடும் தின்று பார்த்திராத மரங்களும் இருக்கும். கட்டடத்தின் பெயரில் ராயலும் உண்டு, கார்டனும் உண்டு, லேக் வியூவும் உண்டு. அண்ணா நகரிலிருந்து அரை மணி நேரம் என்று போட்டிருக்கும். எதில் போனால் என்று போட்டிருக்காது.

காக்களூர் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்க்கும் மணவாளன் இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு. இரண்டாயிரத்து ஏழு தை மாதம் நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் புக் செய்தார். அதற்குப் பிறகு அவர் திருவள்ளூரில் வாடகை கொடுத்தாரே ஒழிய, குடியிருந்தது நாலாவது மாடியில்தான். ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். வெறும் தூண்கள்.

"அதோ, ஒரு காக்கா போவுது பாரு. அதுக்குக் கொஞ்சம் கீழ. அதான் எங்க பெட்ரூமு."

"காக்கா போயிடுச்சே?"

"பெட்ரூமு எங்கியும் போவல. நீ அங்கியே பாரு."

பார்த்தேன். வேறு என்ன செய்வது? மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஹாலில் சோபாவை இப்படிப் போடுவார், அப்படி நகர்த்துவார்; பால்கனியில் காலை வெயில் அடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வார்; வரப்போகும் மூன்றாவது மாடிக்காரர் காரை நிறுத்தப்போகும் விதத்தை எண்ணி இன்றைக்கே கோபப்படுவார். இவரிடம் கார் கிடையாது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத சங்கதி ஒன்றும் இருந்தது. அவர் மனைவி வினோதா, ஐந்து வாடகை வீடுகளில் ஆணி அடிக்க அனுமதி கேட்டே பதினோரு வருஷத்தைக் கழித்தவர். தன் வீட்டில் தன் கையால் பால் காய்ச்ச வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்காக, புக் செய்த மறுவருஷம் வைகாசிக் கடைசியில் ஜோசியர் ஒரு முகூர்த்தம் குறித்தார். அதை விட்டால் ஆனி, ஆடி ஆகாது. அப்புறம் வினோதாவின் நட்சத்திரத்துக்கு ஒரு வருஷம் எதுவுமே ஆகாது. வைகாசியும் வந்தது. கட்டடத்துக்குத் தளங்கள் வந்திருந்தன, சுவர்கள் வரவில்லை.

"சார், செவுரே இல்ல சார்" என்றார் சைட் இன்ஜினியர் துளசிராமன்.

"செவுரு இன்னாத்துக்கு? செவுத்து மேலயா பால் காச்சப் போறோம்?" என்றார் மணவாளன்.

விடிவதற்கு முன்பே, கட்டட வேலையாட்கள் ஏறும் பலகை வழியாகப் பின்பக்கமாக நாலாவது மாடிக்கு ஏறினோம். செங்கல், விறகு, பால், ஐயர், நான். மணவாளன் டார்ச் வெளிச்சத்தில் கலர் புத்தகத்தின் வரைபடத்தை விரித்து, அடிகளை எண்ணி நடந்து, ஓரிடத்தில் காலை ஊன்றினார்.

"இங்கதானா? நல்லாத் தெரியுமா?" என்று கேட்டார் வினோதா.

"தெரியாமயா? ஒன்றர வருசமா இந்த ஊட்லதானே இருக்கேன்!"

பால் பொங்கியது. வினோதாவின் முகமும் மலர்ந்தது. முன்வாசலை வைத்து வரைந்த படத்தைப் பின்வாசலில் நின்று பார்த்தால் வலது இடதாகிவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடியில் சுவர் எழும்பியது. பார்க்கப் போனோம். பக்கத்து ஃபிளாட் பழவேற்காட்டு வியாபாரி ஷஃபியுல்லாவுடையது. அவரும் மனைவி சைதாவும் வந்திருந்தார்கள். அவர் தம்முடைய குளியலறைக்குள் நின்றுகொண்டு, "இன்னா இன்ஜினியர், இங்க கரியும் மஞ்சளுமா கெடக்குது?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தோம். மூன்று செங்கல் தடம், புகைக் கறை, அரைகுறைக் கோலம். சரியாக மேல்நாட்டுக் கழிப்பறைப் பீங்கான் உட்காரவேண்டிய இடம்.

மணவாளன் கலர் புத்தகத்தை விரித்து, வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். வினோதா சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருசம் காத்துக்கினு இருந்து, கடசில யாரு ஊட்டு பாத்ரூமுக்கோ பால் காச்சிட்டு வந்திருக்கேனே!"

சிரிக்க வாயைத் திறந்த ஷஃபியுல்லா அந்தக் குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டார். சைதாதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதுக்கா பேஜாராவுற? குடி வந்தா பால் காச்சுற பழக்கம் எங்களுக்கும் இருக்குது. எங்களுக்கு ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாது. எங்க பாலை நாங்க உன் ஊட்ல காச்சிடறோம். நீ காச்சினது எங்க ஊட்டுக்கு. சரியாப் பூடுச்சா?"

வினோதா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஆடில நான்தானே காச்சக் கூடாது. நீங்க காச்சலாம், இல்ல?"

இதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் தடையில்லை. மறுநாள் காலை சைதா பாலோடு வந்தார். துளசிராமன் முன்னெச்சரிக்கையாகச் சுவரில் கிச்சன் என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். மணவாளன் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம். ஷஃபியுல்லா துஆ ஓதினார், பால் பொங்கியது, முதல் டம்ளரை சைதா வினோதாவின் கையில் கொடுத்தார். வினோதா அதை வாங்கிக்கொண்டு தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "பொங்கறப்ப கெழக்கால சாஞ்சுதா, பாத்தீங்களா?" என்றார் மணவாளன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ரயில் திருநின்றவூரைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் கழுத்து தானாகத் திரும்புகிறதா, கட்டாத பால்கனிக்குத் துளசிச் செடி வாங்கிவிட்டீர்களா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், பாலை அடுப்பில் வைப்பதற்கு முன் இன்ஜினியரிடம் இடத்தைக் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள், தெரியும். பிற்பாடு நானும் ஒரு ஃபிளாட் புக் செய்தேன்; நானும் கேட்கவில்லை. என் வீடு என்று நினைத்து நாங்கள் பால் காய்ச்சிய இடத்தில் இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது.