வேப்பம்பூவுக்குக் கட்டிய பை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் யோசித்தேன். ஒவ்வொரு பங்குனிக்கும் நோட்டை எடுப்பேன், முதல் வரி எழுதுவேன், வெட்கம் வந்து மூடிவிடுவேன். எட்டாவது வரை படித்தவள் நான். ஒரு பெண்ணின் பெரிய படிப்பையே கவிழ்க்கப் பார்த்ததை எந்த முகத்தோடு எழுதுவது?

எங்கள் வீடு காளவாசலுக்கு மேற்கே. தெருமுனையில் ஒரு வேப்பமரம். அதை யாரும் மரியாதையாக நடத்தியதில்லை. அடியில் குப்பை வண்டி நிற்கும், மதியத்தில் ஆட்டோக்காரர்கள் தூங்குவார்கள். ஒரு பங்குனிக் காலையில் கோலம் போட வந்தவள் அண்ணாந்து பார்த்தேன். தாழ்ந்த கிளைகளில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிப் பைகள் பத்துப் பன்னிரண்டு தொங்கின.

பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மேலூரில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் குழந்தை இல்லை. நான் ஏறாத கோயில் படி இல்லை. இங்கே நம் தெருவிலேயே அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். (விசாரித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) பழைய ஜாக்கெட் துணியைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, நானும் ஒரு தொட்டில் கட்டினேன். எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்திடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். (அவளிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.)

பத்தே நாளில் இலை தெரியாமல் தொட்டில்கள். மரத்தடிக்கு ஒரு கல் வந்தது, கல்லுக்கு மஞ்சள் துணி வந்தது, குப்பை வண்டி தானாகவே இடம் மாறிக்கொண்டது. சாம்பிராணிப் பொறுப்பு என்னுடையது. காலையில் ஒரு சட்டி, சாயங்காலம் ஒரு சட்டி. எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை.

பதினைந்தாம் நாள் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மரத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மை இறங்கி, அம்மனுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக ஓடினேன்.

“தண்ணி ஊத்தியாச்சா தாயி?”

“போன வாரமே ஊத்தியாச்சுக்கா. இம்புட்டையும் யாரு கட்டுனது?”

“முதல்ல கட்டுனது யாருன்னு தெரியல. ரெண்டாவது நான்.”

“முதல்ல கட்டுனது நான்தாங்க்கா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு எத்தன வருசமா பிள்ளை இல்ல?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா.”

பெயர் கௌசல்யா. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தேனீக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தேனீ தொடாத பூ காய்க்குமா என்று பார்ப்பதற்காகச் சில மொட்டுக் கொத்துகளுக்குப் பை கட்டியிருக்கிறாள். அதே கிளையில் சில கொத்துகளுக்குச் சிவப்பு நூல் மட்டும் கட்டித் திறந்தே விட்டிருக்கிறாள். அதற்குள் அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். மரம் தன்னால் காய்க்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டுமாம், பெரும்பாலும் அந்த ஆள் தேனீயாம். என் அடுப்படிப் பூசணியும் முருங்கையும்கூட அது சுமந்து கொடுத்ததுதானாம்.

மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினாள். ஒரு தேனீகூட இல்லை.

“சாம்பிராணி போட்டீங்களாக்கா?”

“ரெண்டு வேளையும்” என்றேன், பெருமையாக.

“தேன் எடுக்கிறவங்க புகை போட்டுத்தாங்க்கா தேனீயக் கலைப்பாங்க.”

திறந்து விட்ட பூவுக்கும் தேனீ வரவில்லை என்றால், மூடிய பூவை எதோடு ஒப்பிடுவது? இருந்த பூவும் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. வேம்பு இனி அடுத்த வருடம்தான் பூக்கும்.

“அடுத்த பங்குனி வரைக்கும் எங்கப்பா விட மாட்டாருக்கா. மாப்பிள்ளை பாத்துட்டாங்க. அந்த வீட்ல படிக்க வைக்க மாட்டாங்க” என்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று நான் சாப்பிடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் தம்பியின் விறகுக் கடை நினைவுக்கு வந்தது. பசுமலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வேம்பு, ஊர் மரமெல்லாம் உதிர்த்த பிறகு சாவகாசமாகப் பூக்கும். ரசத்துக்குக் காயவைக்கக் கடைசிப் பூ அங்கேதான் பொறுக்குவேன். மறுநாள் கௌசல்யாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மொட்டாகவே நின்றது. அந்தப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுபடி பை கட்டினோம். காவல் நான். இருபது நாள், விடிந்ததிலிருந்து பத்து மணி வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அட்டையில் எழுதி மாட்டினேன்: “இது சாமி மரம் இல்லை. யாரும் எதுவும் கட்டக் கூடாது.”

மஞ்சள் துணியோடு வந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நெத்தி நெறையத் துன்னூறு. சாமி இல்லேன்னு சொல்ற வாயப் பாரு.”

எட்டாம் நாள் என்னுடைய அந்த வாயிலேயே ஒரு தேனீ கொட்டியது. மேலுதடு இட்லி மாதிரி வீங்கியது. பார்க்க வந்த மகள், ஐந்து வருடத்தில் முதல்முறையாக வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பையைப் பிரித்த நாளில் நானும் இருந்தேன். மூடிய கொத்துகளில் அநேகமாக வெறும் காம்புதான். சிவப்பு நூல் கட்டியதில் பச்சை மணியாக வேப்பங்காய். கௌசல்யா எண்ணி எழுதிக்கொண்டே போனாள். நான் பின்னால் நின்று கும்பிட்டேன். தேனீயையா, அம்மனையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே அவள் படிப்பை முடித்துவிட்டாள்.

இன்றைக்கும் நான் எந்தக் கோயிலுக்குக் கிளம்பினாலும் வீட்டுக்காரர் சொல்வார்: “யாரு கட்டுனதுன்னு கேட்டுட்டுக் கட்டு.”

இரண்டு வருடம் கழித்து மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அம்மன் கொடுத்தாள். அவ்வளவு நாளும் விடாமல் வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவும் கொடுத்தார். பஞ்சவர்ணம் மட்டும் ஊருக்கு வேறு கதை சொல்லிவிட்டாள். போன மாதம் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்து, எந்த மரத்துத் தேனீ, உதட்டில்தான் கொட்ட வேண்டுமா என்று கேட்டார்கள்.

அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தைக் குறைக்க வேண்டாம், தேனீக்கு இல்லாத சக்தியைக் கூட்டவும் வேண்டாம். வேம்பு பூத்திருக்கும்போது சாம்பிராணியை வீட்டுக்குள் போட்டாலும் அம்மனுக்கு எட்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.