பெண் பார்க்க வந்த உடும்பு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கொஞ்ச நேரம் நான் வாயைத் திறக்கவில்லை, தலையை நிமிர்த்தவில்லை, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை. அவ்வளவு அடக்கமான பெண்ணை ஆரணியில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் அடக்கத்துக்கும் எனக்கும் அன்றும் சம்பந்தம் இல்லை, இன்றும் இல்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு ஓர் உடும்பு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பட்டுத்தறி இருந்தது. குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கவேண்டும். கண் முழுக்க மேலே பாவு நூலின் மீதுதான் இருக்கும். கீழே இருட்டில் என்ன நடக்கிறது என்பது காலுக்குத்தான் தெரியும். கரப்பான் போகும், எலி வரும், பூனை வந்து படுக்கும். நாங்கள் எதையும் கண்டுகொள்ள மாட்டோம். (கண்டுகொண்டால் புடவை எப்போது முடிவது?)

அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. முதல் வரன், பெண் கறுப்பு என்றார்கள். இரண்டாவது வரன், ஜாதகம் சரியில்லை என்றார்கள். (அவர்களும் கறுப்பு என்றுதான் நினைத்தார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள்.) மூன்றாவதாகக் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருவதாகச் சொல்லி அனுப்பியதும் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே வெளிய தேடிகினு அலைய முடியாது. தை பொறந்ததும் என் தம்பிக்கே குடுத்துடலாம்."

அவள் தம்பி கன்னியப்பன் மாமா சாயப் பட்டறையில் வேலை செய்தார். முப்பத்து நாலு வயது. ஒரு கை அரக்கு நிறத்திலும் இன்னொரு கை பச்சையிலும் இருக்கும். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவள், அதே தோளில் மூத்திரமும் போனவள். முறை மாமன்தான், ஊரில் நடக்காததும் இல்லை. ஆனாலும் மாமாவை ஒருநாள் புருஷனாக நினைத்துப் பார்க்க முயற்சி செய்தேன். அவர் மூக்குப்பொடி போட்டு ஏழு தெருவுக்குக் கேட்கிற மாதிரி தும்மினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எப்படியாவது அந்தக் கண்ணமங்கலத்துக்காரர்கள் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடவேண்டும் என்று ராத்திரியெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்த அன்று காலையில் அம்மா கேசரி கிளறினாள், போண்டா போட்டாள். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு யார் பேரும் மனசில் நிற்காது. போன வரனில் மாப்பிள்ளையை வேறு யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டு மானம் போயிருந்தது. அதனால் விடிந்ததிலிருந்து "பாஸ்கரு, பாஸ்கரு" என்று மாப்பிள்ளை பேரை ஜெபம் பண்ணிக்கொண்டே நடந்தார்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா இல்லாத பையன். நான் காப்பித் தட்டைக் கொடுக்கும்போது ஒரு தடவை அவரைப் பார்த்தேன். அவரும் அதே நேரம் பார்த்துத் தொலைத்தார். எனக்குப் பிடித்துவிட்டது. இனி மாமா தும்மவே கூடாது என்று இருந்தது.

"பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுங்களா?" என்று அம்மா கேட்டாள். என் பாட்டைக் கேட்டால் உறவே முறிந்துவிடும்.

"பாட்டெல்லாம் வேணாம்மா, அத ரேடியோவுல கேட்டுக்கலாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எங்கூட்டுல ரெண்டு தறி சும்மா கெடக்குது. இவன் சாக்பீச புடிச்சிகினு பூட்டான். பொண்ணு ஒரு நாலு எழ நெய்யட்டும், பாக்கறேன்."

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நெசவு என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, பெரிய ராணி மாதிரி போய்த் தறியில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டேன். ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளி ஒரு மிதி மிதித்தேன். வலது பாதத்தின் மேல் சில்லென்று ஏதோ படுத்தது.

பூனை என்றுதான் நினைத்தேன். "சும்மா இரு சனியனே" என்று மனசுக்குள் திட்டிவிட்டு இன்னொரு மிதி மிதித்தேன். அது நகர்ந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. பூனையின் உடம்பு இவ்வளவு சொரசொரப்பாக எப்போது ஆனது என்று யோசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் கூடத்தைப் பார்த்தேன். எங்கள் பூனை மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்த போண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் என் காலடியில் இருப்பது யார்?

முதலில் பாம்பு என்று நினைத்து உயிர் போய்விட்டது. அடுத்த நிமிஷம் கெண்டைக்காலில் நகங்கள் பதிந்தன. பாம்புக்கு நகம் கிடையாதே என்று ஒரு நிம்மதி. (அந்த நேரத்தில் எதற்கெல்லாம் நிம்மதி வருகிறது பாருங்கள்!) எலியைத் துரத்திக்கொண்டு தோட்டத்துச் சாக்கடை வழியாக வந்த உடும்பு என்பது புரிந்ததும் அந்த நிம்மதியும் போனது. உடும்பு பிடித்தால் விடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள்.

கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் வரன் போகும். வரன் போனால் தை பிறக்கும். தை பிறந்தால் மூக்குப்பொடி. பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தேன். மிதித்தால் அதற்கு வலிக்கிறது, மிதிக்காவிட்டால் எனக்குக் கல்யாணம் நிற்கிறது. நான் வலதை மிதித்தால் அது இடதுக்குத் தாவியது, இடதை மிதித்தால் வலதுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தறியை ஓட்டினோம். பயத்தில் என் கை பறந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் நெய்ததே இல்லை.

"கை இன்னா வேகம் பாரேன்!" மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பிளந்தார். "தலய தூக்கிப் பாக்குதா பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!"

"எப்பவுமே அப்படித்தாங்க. இருக்கற எடமே தெரியாது," என்றாள் அம்மா. (முந்தாநாள்தான் தண்ணீர்க் குழாயடியில் ஒரு தெருவையே எதிர்த்துச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன்.)

"இன்னாமா, இப்படி வேர்த்து ஊத்துது?"

"வெக்கங்க," என்று அதற்கும் அம்மாவே பதில் சொன்னாள்.

அந்த அம்மாள் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, கைப்பையைத் திறந்து பூவை எடுத்தார். பூ வைத்துவிட்டால் வரன் முடிந்த மாதிரி. இன்னும் அரை நிமிஷம் பொறுத்துக்கொள் என்று எனக்கும் உடும்புக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அந்த அரை நிமிஷத்தில்தான் அதன் வாலை மிதித்துவிட்டேன்.

அது விறுவிறுவென்று என் புடவையைப் பிடித்து ஏறி, குழியின் விளிம்பில் எனக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, பிளந்த நாக்கை வெளியே விட்டு, சபையை ஒருமுறை பார்த்தது. முதலில் பார்த்தவர் மாப்பிள்ளை. வாயில் பாதி போண்டா. சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கையை மட்டும் நீட்டினார். அப்புறம் ஒரே தாவலில் மரப்பெட்டி மேல் ஏறினார். அதன் மேல் அம்மா அடுக்கி வைத்திருந்த பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் கூடத்தில் உருண்டன.

"உடும்புடோய்!" என்று கன்னியப்பன் மாமா கத்தினார்.

அவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்த கத்தலை எல்லாம் நானும் ஒன்றாக அவிழ்த்துவிட்டேன். பக்கத்து வீட்டில் தறி நின்றது.

"ஐயையோ, ஊட்டுக்குள்ள உடும்பு பூந்துச்சே! சகுனமே சரியில்லையே!" மாப்பிள்ளையின் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். எடுத்த பூ திரும்பக் கைப்பைக்குள் போனது. அதைப் பார்த்ததும் நைனாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

"இல்லீங்க, இல்லீங்க! பூந்ததில்லீங்க! அது நம்பூட்டுதுதாங்க. வளக்கறோம்!"

மாப்பிள்ளையின் அம்மா சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். உடும்பு அசையவில்லை.

"வளக்கறீங்களா?"

"ஆமாங்க. எலி புடிக்கும். சின்னதுலேர்ந்து இங்கதான் கீது."

"நாய வளத்தா பேரு வெப்பாங்க. இதுக்கு இன்னா பேரு வெச்சிகீறீங்க?"

நைனா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். அவர் மனசில் அன்று இருந்த பேர் ஒன்றே ஒன்றுதான்.

"பாஸ்கருங்க," என்றார்.

பெட்டி மேல் நின்றிருந்த பாஸ்கரன் முதலில் விழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் கெண்டைக்காலில் கீறலுமாகக் கெக்கெக்கே என்று சிரித்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பல் தெரியச் சிரித்தவள் எங்கள் வம்சத்திலேயே நான்தான். உடும்பு நிதானமாக இறங்கி, தோட்டத்துப் பக்கம் நடந்து, வந்த சாக்கடை வழியாகவே போய்விட்டது.

"எம்புள்ள பேர ஊர்ற ஜெந்துவுக்கு வெச்சிகினு, அதுக்கு மேல சிரிப்பு வேறயா? எறங்குடா கீழ!" என்று மகனை இழுத்துக்கொண்டு அந்த அம்மாள் கிளம்பிவிட்டார். வாசலைத் தாண்டும்போது மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

அம்மா பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நைனாவைத் திட்டினாள். நைனா உடும்பைத் திட்டினார். கடைசியில் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "வுடு. தை மாசம் கன்னியப்பனுக்கே முடிச்சிடலாம். யாரு கையிலயும் பேஜார் பட வேணாம்," என்றாள்.

மாமா எழுந்தார், சைக்கிளை எடுத்தார், ஜல்தியாகப் போய்விட்டார்.

"பாரு, சந்தோஷத்துல ஸ்வீட்டு வாங்க ஓடறான்," என்றார் நைனா.

நான் தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். நாடகத்துக்கு அழவில்லை, நிஜமாகவே அழுதேன். மாமா நல்லவர்தான். ஆனால் எனக்கு அவர் மாமாவாகவே இருந்தால் போதும் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் அவர் மனசு புண்படுமே என்ற பயம் வேறு.

அரைமணி நேரம் கழித்து வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மாமாதான். அவருக்கு முன்னால் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் நேராக உள்ளே வந்து, தறிக்குழியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "வெத்தல பாக்கு எடும்மா, மாத்திக்கலாம்," என்றார். கைப்பையில் கசங்கிப்போயிருந்த அதே பூவை எடுத்து என் தலையில் வைத்தார். எனக்கு வந்த நிம்மதியில் தறி மேலேயே சாய்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பிடித்து என்ன சொன்னார் என்று மாமாவும் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

கல்யாணமாகிக் கண்ணமங்கலம் போய்ப் பல மாதம் கழித்துத்தான் என் மாமியார் சொன்னார்.

"நாங்க ஏறி ஒக்காந்த வேலூர் பஸ்ஸு கெளம்புது. உங்க மாமன் வந்து பஸ்ஸுக்கு முன்னாடி நின்னுகினு கும்புடறான். ஒரு கை செவப்பு. ரத்தம்னு நெனச்சி பயந்தே பூட்டேன். 'அம்மா, நீங்க வேணாம்னு பூட்டீங்கன்னா அத எந்தலையில கட்டிடுவாங்கம்மா. நான் தூக்கி வளத்த கொழந்தைமா அது. எனக்குப் பொண்ணு மாதிரி. நான் எப்பிடிமா தாலி கட்டுவேன்?'னு ஓன்னு அழுவறான். டிரைவர் எறங்கி வந்து சமாதானம் பண்றாரு. 'கொஞ்சம் வாயாடிதான், ஆனா நல்ல பொண்ணும்மா'ன்னு அதையும் சொல்லிட்டான். நான் இன்னாடா பண்றதுன்னு திரும்பிப் பாத்தா, உம்புருஷன் எனக்கு முன்னாடியே எறங்கி நின்னுகினு கீறான்."

நான் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத அதே நேரத்தில் மாமா பஸ்ஸுக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார். அதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாளே ஆரணிக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். மாமியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு சிட்டிகை பொடி போட்டுத் தும்மினார், அவ்வளவுதான்.

மாமாவுக்கும் அடுத்த வருஷமே பெரணமல்லூரில் பெண் அமைந்தது. இன்றைக்கு எல்லோருக்கும் பேரன் பேத்தி வந்தாயிற்று. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால் இன்றைக்கும் அவர் போனை எடுத்து மாமாவைத்தான் கூப்பிடுவார். "மாமா, உங்க அக்கா பொண்ணோட என்னால முடியல. வந்து கூட்டிகினு போங்க."

மாமாவின் பதில் இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்துக்கூட மாறியதில்லை.

"மாப்ளே, பஸ்ஸுக்கு முன்னாடி நின்னு அழுது தள்ளிவுட்டது அது. இனிமே நீங்க என் வூட்டு வாசல்ல வந்து படுத்தாலும் திரும்ப எடுக்க மாட்டேன்."

ஸ்பீக்கரில் கேட்டு வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தத் தை மாசத்திடமிருந்து தப்பித்தது அவர் மட்டுமா என்ன!