நரகத்துக்கு நோட் போட்டவர்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பத்திரிகைக்காரர்கள் பொறுத்துக்கொண்டு, திருத்திப் போட வேண்டும்.

இந்த டெல்லியில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. தண்ணீர் வரவில்லை, ரோடு சரியில்லை, காற்றே சரியில்லை என்று மனு எழுதுகிறார்கள். ஆனால் நரகத்தின் நிர்வாகத்தில் குறை கண்டுபிடித்து, அதற்கு முறைப்படி ஃபைல் திறந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் நோட்டிங் சார்.

அரசாங்க ஆபீசில் எந்த விஷயமும் ஒரு ஃபைலாக நடமாடும். அதில் இருக்கும் பச்சைத் தாளில் கீழே இருப்பவர் தன் அபிப்பிராயத்தை எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் அதன் கீழே எழுதி இன்னும் மேலே அனுப்புவார். இதற்குத்தான் நோட் போடுவது என்று பெயர். மற்றவர்கள் சம்பளத்துக்காக நோட் போட்டார்கள். சார் மூச்சு விடுவதுபோலப் போட்டார். மயூர் விஹாரில் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒருநாள் இப்படி ஒட்டியிருந்தது: "பொருள்: காலைக் காபி. 1. இன்று சர்க்கரை குறைவு. 2. நேற்றும் இதே நிலை. 3. தக்க நடவடிக்கைக்காக." அதன் கீழே அவர் வீட்டம்மா எழுதியிருந்தார்: "பார்த்தேன். டப்பா மேல்தட்டில் உள்ளது. தாங்களே போட்டுக்கொள்ளலாம்."

சாருக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளை ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"என்ன சுருக்கமா ட்ராஃப்ட் பண்ணியிருக்கா, பாரும் வே. ஒரு வார்த்தை கூடுதல் இல்ல."

சார் திருநெல்வேலிக்காரர். நாற்பது வருஷம் டெல்லியில் இருந்தும் அந்த 'வே' அவரை விட்டுப் போகவில்லை. நான் விழுப்புரம் பக்கம். அவர் செக்ஷன் ஆபீசர், நான் அவர் செக்ஷனில் ஃபைலுக்கு டேக் என்னும் கட்டுக் கயிறு கோத்து, பக்க அடையாளச் சீட்டுக் குத்தி, மேஜைக்கு மேஜை தூக்கிக்கொண்டு போகும் தினக்கூலி ஆள். இன்றும் அதே ஆள்தான். ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் வேலைக்கு வந்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கலாம் என்று ஒரு காலத்தில் உத்தரவு வந்தது. நான் பதினொரு நாள் பிந்தி வந்தவன். அண்ணன் கல்யாணத்துக்கு இருந்துவிட்டு ரயில் ஏறினேன், அவ்வளவுதான். அண்ணன் நன்றாக இருக்கிறான்.

எனக்காக சார் ஆறு தடவை நோட் போட்டார். ஆறு தடவையும் திரும்பி வந்தது. ஏழாவது தடவை, "வரம்புக்குள் வரவில்லை, ஃபைலை மூடலாம்" என்று அவர் கையாலேயே எழுதி முடிக்கச் சொல்லிவிட்டார்கள். எழுதினார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நான் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தேன். பிறகு எனக்குப் பழகிவிட்டது.

சார் ரிட்டையர் ஆனதும் எல்லோரும் போல மலை மந்திர் முருகனைப் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்தோம். அவர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இலக்கியத்தில் சேர்ந்துவிட்டார். பதினெட்டு வயதில் காலேஜில் இடம் கிடைத்தும், அப்பா இறந்துபோனதால் குமாஸ்தா வேலைக்கு ரயில் ஏறியவர் அவர். அஞ்சல் வழியில் ஒரு பி.ஏ. வாங்கினார். ஆனால் வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கவில்லையே என்பது அவருக்குப் பல்லில் சிக்கின நார்போல இருந்தது.

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள். இவரும் பெருந்தன்மையாக "சிட், சிட்" என்று சொல்லிவிட்டுப் பின்பெஞ்சுக்குப் போனார். பிறகு பாடம் நடத்தும் மேடம் வந்தார், சாரின் மகள் வயது, வங்காளப் பெண். மேடத்தைப் பார்த்து சார் எழுந்தார். சார் எழுந்ததைப் பார்த்து வகுப்பு மறுபடியும் எழுந்தது. இத்தனை வெள்ளைத் தலை எழுந்து நிற்கும்போது தான் எப்படி உட்காருவது என்று மேடமும் நின்றார். அந்த ஒரு மணி நேரப் பாடமும் நின்றுகொண்டே நடந்ததாகக் கேள்வி. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்.

அங்கேதான் அந்தப் பாட்டு அவர் கையில் மாட்டியது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு கவிஞர், தான் உயிரோடு பாதாளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதிய பெரிய பாட்டு. ஒன்பது தளம். ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு தளம். கீழே போகப் போகத் தண்டனை கூடும். பிள்ளைகள் அதைப் படித்துப் பயந்தார்களோ என்னவோ, சார் சொக்கிப்போனார்.

"வாசல்ல ஒரே ஒரு அதிகாரி வே. ஆளு வந்து நிக்கணும், சொல்லணும், அந்த இடத்துலயே எத்தனாவது தளம்னு ஆர்டர். பெண்டிங்கே கிடையாது. நம்ம ஆபீஸ்ல ஒரு நாற்காலிக்குக் கால் மாத்த எத்தன மாசம் ஆச்சு, சொல்லும்."

"ஒன்பது மாசம் சார்."

"அதாம்."

ஆனால் பரீட்சை என்று வந்தபோது விபரீதமாகிவிட்டது. கேள்விக்குப் பதிலைப் பத்தி எண் போட்டு எழுதினார். இரண்டாம் கேள்விக்கு, "முன் பக்கம் பத்தி 4 காண்க" என்றார். மேலதிகாரி எழுதுவதற்குப் பாதிப் பக்கம் இடம் விட்டார். முடிவில் "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதித் தேதியோடு கையெழுத்தும் போட்டுவிட்டார். பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாதாம். ஃபெயில். அடுத்த தடவை கையெழுத்துப் போடவில்லை, இனிஷியல் மட்டும் போட்டார். அதுவும் ஃபெயில்.

மேடம் நல்லவர். பரீட்சைக்குப் பதிலாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி நேரில் பதில் சொல்லலாம் என்று வழி காட்டினார். ஆனால் அந்தப் படிப்பை இத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி இருந்தது. சாருக்கு அது கடைசி வருஷம். இதிலும் போனால் பட்டம் கிடையாது.

சார் கட்டுரை எழுதவில்லை. ஃபைல் திறந்தார்.

அதற்குக் காரணம் அந்தப் பாட்டில் வரும் ஒரு பெரியவர். கவிஞருக்குப் பாதாளம் முழுக்க வழி காட்டிக்கொண்டு போகிறவர். ரொம்ப நல்ல மனிதர், பெரிய படிப்பாளி. ஆனால் அவருக்கு மேலே சொர்க்கத்தில் இடம் கிடையாது. அவர்களுடைய மதம் தோன்றுவதற்கு முன்பே பிறந்து செத்துப்போனவராம். பாதாளத்தின் முதல் தளத்தில், அடி உதை இல்லாத ஒரு புல்வெளியில், அவரைப்போல முந்திப் பிறந்தவர்களோடு என்றென்றைக்கும் இருக்க வேண்டியதுதான்.

"அவரு என்ன வே தப்பு செஞ்சாரு?" என்று சார் என்னைக் கேட்டார், நான்தான் பூட்டி வைத்ததுபோல. "தேதி வே. பொறந்த தேதி சரியில்ல. அவ்வளவுதாம். ஒரு ஆளு வேலை செய்யலாம், வழி காட்டலாம், ஆனா உள்ள வரக் கூடாதுன்னா அது என்ன ரூல்?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் மயூர் விஹாருக்குப் போய் அந்த ஃபைலுக்கு டேக் கோத்தேன். "பொருள்: வழிகாட்டிப் பெரியவரை மேலே சேர்த்துக்கொள்வது குறித்து." நோட்டே அறுபது பக்கம். வீட்டம்மா அடுக்களை வாசலில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, இதைக் கட்டுரையா எழுதினாத்தான் பாஸ் போடுவாகளாம். அந்த மேடமே போன் பண்ணிச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா இவுக ஒடிஞ்சு போயிருவாக. நான் சொன்னா ஏறாது. நீங்க சொல்லுங்க."

யாரிடமும் எதுவும் எதிர்த்துச் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனேன்.

"சார், இது கட்டுரையா…"

"என்ன வே?"

"டேக் இன்னொண்ணு வேணுமா சார்?"

மூன்று ஞாயிறு இப்படியே போனது. நான்காவது ஞாயிறு, கடைசியில் இணைப்புகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் இங்கிலீஷில் என் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த தேதியும் தெரியும். இரண்டும் அந்தத் தாளில் இருந்தன. அடியில் சார் கையெழுத்து. அன்று நானே மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போன, என் ஃபைலை மூடிய அந்த ஏழாவது நோட்டின் நகல். அதை அவர் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். நரகத்துப் பெரியவர் ஃபைலில் அதை முன் உதாரணமாகச் சேர்த்திருக்கிறார்.

சீட்டைக் குத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அவரிடம் எதையும் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேர்முகத்துக்குப் போன நாள் நல்ல குளிர். மூன்று பிரதி, ஒவ்வொன்றும் ஒரு தலையணை. சுமக்க நான். மெட்ரோவில் ராஜீவ் சௌக்கில் இறங்கி வண்டி மாற வேண்டும். படி இறங்க இறங்கக் கூட்டம். கீழ்த்தளத்தில் ஒரு காவலாளி விசில் ஊதி ஆட்களை வண்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார். சார் என் காதில் சொன்னார்:

"கீழ போகப் போகத்தாம் வே நெருக்கம். அந்தக் கவிஞரு இங்க வந்திருக்காரு."

அறையில் மேடமும், மஃப்ளர் சுற்றிய இன்னொரு பேராசிரியரும் இருந்தார்கள். மஃப்ளர்காரர் இந்தக் கட்டுரை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். "பையா, அந்தர் ஆ ஜாயியே, பாஹர் டண்ட் ஹை", வெளியே குளிர், உள்ளே வாருங்கள் என்று மேடம் கூப்பிட்டு மூலையில் உட்கார வைத்தார். அவர்கள் பேசியது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

"சார், இது கட்டுரை இல்லை, ஃபைல்."

"ஆமாம் மேடம்."

"இதன் மேல் யார் முடிவெடுப்பார்கள்?"

"தகுதி வாய்ந்த அதிகாரி."

"எழுதிய கவிஞர் செத்து எழுநூறு வருஷம் ஆகிறது."

"அதனாலதான் மேலிடத்துக்கு அனுப்பலாம்னு கடைசிப் பத்தியில பரிந்துரை இருக்கு மேடம்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைப் புரட்டினார். இணைப்புக்கு வந்ததும் நின்றார்.

"இது யாருடைய பெயர்?"

நாற்பது வருஷமாக எந்தக் கேள்விக்கும் மூன்று பத்தி பதில் வைத்திருந்த சார், மூலையில் இருந்த என்னைக் கையால் காட்டினார். நடந்ததை நாலு வரியில் சொன்னார்.

மேடம் என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார். அந்தப் பெரியவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நீங்களும் நினைக்கிறீர்களா?

எனக்கு இந்தி நன்றாக வரும். ஆனால் என் பதில் மேடத்துக்கு இல்லை. அதனால் தமிழில் சொன்னேன்.

"அநியாயந்தான். ஆனா அவ்ளோ மோசமான எடத்துக்கு வழி காட்ட, நம்பாத ஆளயா அனுப்புவாங்க? அவர நம்பித்தான் கையப் புடிச்சிக்கினு போனாரு அந்தக் கவிஞரு. பெரியவருக்கு வருத்தம் இருக்கும். கூட வந்தவரு மேல இருக்காது. எனக்கும் சார் மேல ஒரு நாளும் இருந்ததில்ல."

மேடம் சாரைப் பார்த்தார். சார் இந்தியில் மொழிபெயர்த்தார். கவிஞர் கையைப் பிடித்துக்கொண்டு போனதுவரை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"இன்னும் ஏதோ சொன்னாரே?"

"பாக்கி ஆபீஸ் விஷயம் மேடம்" என்றார் சார்.

மேடம் ஃபைலை மூடினார். "இந்த அறுபது பக்கம் எனக்கு வேண்டாம். இப்போது இவர் சொன்னதற்கு உங்கள் பதில் என்ன? அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். பத்தி எண் இல்லாமல்."

"இன்னிக்கோட தேதி முடியுதே மேடம்."

"ஒரு வாரம் தருகிறேன்."

சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பதினொரு நாள் தளர்த்தச் சொல்லி வருஷக்கணக்கில் நோட் போட்டவர். அது ஒரு வார்த்தையில் ஆகக்கூடியது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

"எழுத்து மூலமா தருவீங்களா மேடம்?" என்றார்.

மேடம் இந்த முறை சிரித்தேவிட்டார். சார் இடம் விட்டிருந்த பாதிப் பக்கத்தில், "ஒரு வாரம் நீட்டிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் இடம் கிடைத்தது. யமுனைப் பாலம் வந்ததும் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நெசமாவா வே சொன்னீரு?"

"ஆமா சார்."

"சரி" என்றார்.

அந்த வாரம் அவர் எழுதியது பத்துப் பக்கம் என்று வீட்டம்மா சொன்னார். அதில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று நான் ஆபீஸ் வாசலில் நிற்கும்போதே சாரிடமிருந்து போன் வந்தது. "பாஸ் வே." அவ்வளவுதான். அவர் இத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மார்க் மட்டமாம். போகட்டும்.

முந்தாநாள் மறுபடி கூப்பிட்டார். அந்தப் பாட்டுக்கு அடுத்த பாகம் ஒன்று இருக்கிறதாம். அது பாடத்தில் கிடையாது, சும்மாதான் படிக்கிறாராம். பாதாளம் முடிந்து ஒரு மலை வருகிறது, ஏற வேண்டும், அதிலும் அந்தப் பெரியவர்தான் கூட வருகிறார் என்றார். நாளைக்குக் காலையில் ஆரம்பிக்கிறாராம்.

"எத்தன டேக் சார் எடுத்தாரணும்?"

"ஒண்ணும் வேண்டாம் வே. ஃபைல் கிடையாது. சும்மா வாரும்."

ஒரு வேலையும் இல்லாமல் நான் இதுவரை ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை, 6 டிசம்பர் 2025