இரண்டு கையால் ஒரு காப்பி

மனித உறவுகளை நூல்களில் கற்றவனைச் சம்பந்தம் பேசும் கூடத்தில் உட்கார வைக்கலாகாது. வைத்தே தீர வேண்டுமென்றால், அவன் கைகளைப் பின்புறம் கட்டிவிட்டு உட்கார வைப்பது குடும்பத்துக்கு நலம். இக்கருத்தை நான் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. என் ஒரே மகள் ஜெனிட்டாவின் திருமணப் பேச்சை ஏறக்குறைய முறித்துப்போட்ட அனுபவத்திலிருந்து எடுத்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். காரைக்குடியில் ஒரு நூற்பாலையின் பண்டகசாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டதே தவிர (பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது), படிப்பை நான் விடவில்லை. ஓய்வுக்குப் பிறகு நூலகமே என் அலுவலகமாயிற்று. வரலாறு, வானியல், மூலிகை என்று அலமாரி அலமாரியாகக் கடந்து, இறுதியில் சமூக உளவியலின் முன்னே வந்து நின்றேன். ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதனைப் பிடித்துப்போவது எதனால் என்று ஆராய்வதற்கென்றே அறிஞர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி எனக்குப் பெருவியப்பைத் தந்தது. (என் மனைவி ரீட்டாவின் வியப்பு வேறு வகை: "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாக?")

அந்த அலமாரியில் எடுத்த ஒரு நூலின் ஓர் அத்தியாயம் என்னை ஆட்கொண்டது. மனம் ஒன்றிப் பேசும் இருவர், தம்மை அறியாமலேயே, ஒருவர் அசைவை மற்றவர் செய்வார்களாம். இவர் கன்னத்தில் கை வைத்தால் சற்று நேரத்தில் அவரும் வைப்பாராம். மேலும், எதிரில் இருப்பவருடைய பேச்சின் கடைசிச் சொற்களை நாம் கேள்வியாகத் திருப்பிச் சொன்னால், தம்மைக் கவனித்துக் கேட்கிறார்கள் என்று அவர் மனம் குளிருமாம். "தம்மை அறியாமலேயே" என்ற சொற்களின் மேல் என் கண் தங்கவில்லை. உறவைத் திறக்கும் சாவி ஒன்று கையில் கிடைத்துவிட்டதாகவே நம்பினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாக்கோட்டையிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை அமல், திருச்சியில் ஜெனிட்டா வேலை பார்க்கும் வங்கியிலேயே வேலை பார்ப்பவர். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய் ஓராண்டாகிறது. பெரியவர்கள் பார்த்துப் பேசித் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. அமலின் தந்தை சூசைராஜ் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் பள்ளி வளாகத்தில் நடந்து வந்தால் மரத்துக் காகமும் வரிசையில் நிற்கும் என்று சொல்வார்கள். தமக்கு மரியாதை குறைந்ததாக நினைத்துவிட்டால் அந்த வீட்டுப் படியை அவர் மறுபடி மிதிப்பதில்லை.

அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து கோவிலிலிருந்து வரும் வழியில் ஜெனிட்டா என் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"அப்பா, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்வீகளா?"

"சொல்லும்மா."

"ஒண்ணுமே செய்யாம இருங்க. அது போதும்."

அவள் கண்ணில் இருந்த அச்சத்தை நான் பார்த்தேன். பார்த்தும், என்னிடம் இருந்த கருவியின் பெருமை அதை மறைத்துவிட்டது.

சூசைராஜும் அவர் மனைவியும் அமலும் பதினொரு மணிக்கு வந்தார்கள். "வாங்க, இங்குட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றாள் ரீட்டா. சூசைராஜ் கால் மேல் கால் போட்டார். நானும் போட்டேன். (வேட்டியில் அது அத்தனை எளிதன்று.) அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். நானும் தள்ளினேன். நான் அன்று மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கவில்லை என்பது மூக்கைத் தொட்ட பிறகே தெரிந்தது. அவர் இருமினார், நானும் இருமினேன். அமல் மட்டும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"வெயில் இந்த வருசம் சாஸ்தி" என்றார் சூசைராஜ்.

"வெயில் சாஸ்தியா?"

"பஸ்ல கூட்டம் வேற."

"கூட்டம் வேறயா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் நிமிர்ந்தேன். நல்ல முன்னேற்றம் என்றே எண்ணினேன்.

அப்போது ரீட்டா காப்பியும் கந்தரப்பமும் கொண்டுவந்து வைத்தாள். சூசைராஜ் டம்ளரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் டவராவோடு சேர்த்துத் தூக்கினார். நானும் முழங்கைகளை ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளாலும் தூக்கினேன். அவர் கையில் டம்ளர் டவராவின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டது: டக், டக், டக். அதுவும் அவருடைய ஒரு பழக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். அசைவு எது, உபாதை எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு இறைவன் எனக்குத் தந்திருந்தும், அன்று அதை நான் பயன்படுத்தவில்லை. என் டம்ளரையும் டக், டக் என்று ஆட்டினேன். அவர் சத்தத்துக்கு என் சத்தம் குறைந்துவிடக் கூடாதே என்று சற்று ஓங்கியே ஆட்டினேன். காப்பியில் பாதி என் வேட்டியில் விழுந்தது.

சூசைராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் வந்ததுலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நான் செய்யறதை எல்லாம் நீங்களும் செய்யறீக."

என்னை விட்டு நீங்காத அந்தக் கருவி என் வாயைத் திறந்தது. "நீங்களும் செய்யறீகளா?"

"என்னைய நக்கல் பண்றீகளா?"

"நக்கல் பண்றேனா?"

அவர் எழுந்துவிட்டார். பதற்றத்தில் நானும் அதே நொடியில் எழுந்தேன். (இது மட்டும் நான் வேண்டுமென்று செய்ததன்று. ஆனால் அந்நேரம் அதை யாரிடம் சொல்வது?) "எந்திரிங்க, கிளம்புவோம்" என்றார் மனைவியிடமும் மகனிடமும். அமல் ஜெனிட்டா நின்ற கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார். கந்தரப்பத்தை யாரும் தொடவில்லை.

ரீட்டா என்னிடம் சொன்னவற்றை எழுதினால் இக்கட்டுரையின் கண்ணியம் கெடும். ஜெனிட்டாவோ சத்தம் போடவில்லை. வேட்டியில் கறை காய்வதற்குள் துடைக்க ஈரத்துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அவருக்குக் கை நடுங்கும்ப்பா. ரெண்டு வருசமா. வெளிய யாரு வீட்டுலயும் காப்பித் தண்ணி குடிக்க மாட்டாராம். நம்ம வீட்டுல குடிக்கலைன்னா நமக்கு மரியாதை இல்லைன்னு எடுத்தாரு. அமல் இப்பத்தான் போன்ல சொன்னாரு."

என் வாழ்நாளில் அதைப் போல ஒரு வெட்கத்தை நான் அடைந்ததில்லை. அன்றிரவு நூலை எடுத்து அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். இதனை வேண்டுமென்றே செய்து, எதிரில் இருப்பவர் கண்டுகொண்டால், விளைவு நேர் எதிராகும் என்று அதன் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தது.

மறுநாள் காலை சாக்கோட்டைக்கு நகரப் பேருந்து ஏறினேன். "அங்க போயி கையக் கால ஆட்டாம இருங்க" என்பது ரீட்டா கொடுத்தனுப்பிய ஒரே அறிவுரை. ஆகவே சூசைராஜ் வீட்டு நாற்காலியில் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தேன். அவர் மனைவி எனக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். நூலைப் பற்றியும், அது சொன்ன முறையைப் பற்றியும், என் அறியாமையைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அந்தப் புத்தகத்த முழுசாப் படிச்சீகளா?"

"பாதிதான் சார் படிச்சிருந்தேன்."

"பாதியப் படிச்சிட்டுப் பரிச்ச எழுத வந்துட்டீக."

"ஆமா சார். பிள்ளையோட வாழ்க்கையில எழுதிட்டேன். என்னைய என்ன வேணாச் சொல்லுங்க. அவளையும் தம்பியையும் பிரிச்சிராதீக."

அவருடைய வலக்கை மடியில் கிடந்து தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்வையை விலக்கினேன்.

"பார்த்தீகளா, நீங்களும் இப்ப அங்குட்டுத் திரும்பிக்கிட்டீக" என்றார். "எல்லாரும் இப்படித்தான். கை ஆடத் தொடங்கினா சொந்தக்காரவுக எல்லாம் சுவரப் பார்த்துப் பேசுறாக. எம்பையனும் அப்படித்தான். ரெண்டு வருசத்துல இந்தக் கைய நேராப் பார்த்த மனுசன் நேத்து நீங்க ஒருத்தருதான்." தம் கையைக் குனிந்து பார்த்து, "ஆனா, இம்புட்டுமா ஆடுது?" என்று கேட்டார்.

"இல்லை சார். நான் கொஞ்சம் கூட்டிச் செஞ்சுட்டேன்."

"அதானே பார்த்தேன்."

அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏத்தா, எனக்கும் ஒரு காப்பி கொண்டா." அந்த ஒரு வாக்கியத்தில் என் மகளின் திருமணம் நிச்சயமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்த நூலும் தேவைப்படவில்லை.

காப்பி வந்தது. அவர் இரண்டு கைகளாலும் எடுத்து, என் எதிரிலேயே, டக், டக் என்ற சத்தத்தோடு குடித்தார். நான் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எடுத்துக் குடிங்க. ஆறிப்போகுது."

"எந்தக் கையில சார்?"

"உங்க கையிலதான்!"

நான் எடுத்துக் குடித்தேன். பாதி குடித்த பின் அவர் என்னை உற்றுப் பார்த்துச் சிரித்தார். முதல் முறையாகச் சிரித்தார். குனிந்து பார்த்தேன். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. டம்ளர் என் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் அறியவே இல்லை.

மூன்று ஞாயிறு கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்து, திருமணம் நன்முறையில் நடந்தது. என் கதை திருமணப் பந்தியிலேயே பரவிவிட்டது. அன்று முதல் இரு வீட்டாரும் கூடும் நாள்களில் என்னைக் கேலி செய்வதற்காக ஒரு வழக்கம் உண்டு. காப்பி வந்ததும் மருமகன் "மாமா, தொடங்கலாமா?" என்பார். உடனே எல்லோரும் முழங்கையை ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் டம்ளரை எடுத்து, டக், டக் என்று ஆட்டுவார்கள். எல்லோரையும்விட ஓங்கிச் சிரிப்பவர் சூசைராஜ் சம்பந்திதான்.

இப்போது கேலி மறந்து கை மட்டும் பழகிவிட்டது. எங்கள் வீடுகளில் காப்பியை ஒற்றைக் கையால் குடிப்பவரும் இல்லை, டம்ளரை டக், டக் என்று தட்டாமல் குடிப்பவரும் இல்லை. சென்ற மாதம் புதிதாக வந்த ஒருவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, இந்த ஊரில் காப்பியை இப்படித்தான் குடிப்பார்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் சம்பந்தி. எங்களில் யாருக்குக் கை நடுங்குகிறது என்பது வந்தவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.